நடந்து பார்த்த நகரமைப்பாளர்

சில மாதங்களுக்கு முன், மாநகராட்சி ஒன்று நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். நகரின் விரிவாக்கப் பகுதிகளில் எந்த நிலத்தில் குடியிருப்புகள் வரலாம், எந்த நிலத்தைத் தொடக்கூடாது என்பதைக் காட்டும் வண்ண வரைபடம் திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. சாலை எவ்வளவு அருகில் இருக்கிறது, நிலமதிப்பு என்ன, தரையின் சரிவு எவ்வளவு, குடிநீர்க் குழாய் எட்டுமா என்பன போன்ற காரணிகளுக்கு மதிப்பெண் வழங்கி, அவற்றைக் கூட்டி, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் கணினி ஒரு வண்ணத்தைத் தந்திருப்பதாக விளக்கினார்கள். விளக்கம் தெளிவாகவே இருந்தது. கடைசி வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். கட்டடம் கட்ட ஏற்றதென்று பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருந்த ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, ஐப்பசி மழையில் மேலே உள்ள ஏரி நிறைந்தால் உபரிநீர் அந்த வழியாகத்தான் இறங்கும் என்றும், அது இந்தக் கணக்கில் எங்கே சேர்க்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்டார். மேடையில் இருந்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. கேள்வியைக் குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டார்கள்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் என் நினைவில் இருந்தார். தாவரவியல் பேராசிரியராக வாழ்வைத் தொடங்கி, நவீன நகரமைப்பியலின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் முழுவதும் அறியப்பட்டவர் அவர். நூறாண்டுகளுக்கு முன் நம் தஞ்சையின் சந்துகளிலும் மதுரையின் வீதிகளிலும் கையில் வரைபடத்துடன் நடந்தவர். கணினி இல்லாத காலத்தில், நகரைப் பற்றி முடிவெடுக்கத் துணைபுரியும் கருவிகளை உருவாக்குவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அந்த முதியவரின் கேள்வி எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்கிறது என்று கருதுகிறேன்.

குன்றிலிருந்து கண்ட ஊர்

கெடிஸ் 1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பேலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரை ஒட்டிய கின்னூல் குன்றின் சரிவில் குடியேறியது. வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கும் காய்கறிகளும் வளர்க்கத் தந்தையிடம் கற்றுக்கொண்ட சிறுவன், ஓய்வு நேரங்களில் குன்றின் மேல் ஏறி நின்று கீழே பார்ப்பான். டே ஆறும், அதன் கரையில் பெர்த் நகரமும், சுற்றிலும் வயல்களும், தொலைவில் மலைகளும் ஒரே பார்வையில் தெரியும். ஆற்றையும் வயலையும் விலக்கிவிட்டு ஊரை மட்டும் தனியாக நினைக்க முடியாத மனம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

சிறிது காலம் வங்கியொன்றில் பயிற்சிப் பணி பார்த்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சேர்ந்தவர், உலர்ந்த மாதிரிகளை வைத்து நடத்தப்பட்ட அந்தப் பாடம் பிடிக்காமல் ஒரே வாரத்தில் வெளியேறினார். பிறகு லண்டன் சென்று, டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். உயிரினத்தை அதன் சூழலிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது என்னும் பாடம் அங்கே உறுதிப்பட்டது. பிரான்சில் ஆய்வு செய்த காலத்தில், சமூகவியலாளர் லெப்ளே வகுத்த அணுகுமுறை அவருக்கு அறிமுகமாயிற்று. ஒரு சமூகத்தை அறிய வேண்டுமானால் அது வாழும் இடம், செய்யும் தொழில், குடும்ப அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கெடிஸ் அதை இடம், தொழில், மக்கள் என்று தமக்கேற்ற முறையில் விரித்துக்கொண்டார். உயிரியலாளராக இருந்த அவரை நகரத்தின் பக்கம் திருப்பியது இந்தச் சிந்தனையே.

இருட்டறையில் பிறந்த கருவி

1879-இல், உயிரின மாதிரிகளைச் சேகரிப்பதற்காகக் கெடிஸ் மெக்சிகோ சென்றார். அங்கே அவருடைய கண்பார்வை திடீரெனப் பாதிக்கப்பட்டது. வெளிச்சம் படாத அறையில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கட்டுப்படுத்தினார்கள். நுண்ணோக்கியை நம்பி வாழ்ந்த இருபத்தைந்து வயது இளைஞனுக்கு அது எத்தகைய தண்டனையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். படிக்கவும் எழுதவும் இயலாத நிலையில், தம் சிந்தனைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று தவித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சன்னலைத் தடவியபோது, கண்ணாடிகளைப் பிரிக்கும் சட்டங்கள் விரல்களுக்குத் தட்டுப்பட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்தால், பக்கத்துக் கட்டங்களோடு அதற்கு என்ன உறவு என்று வரிசையாக யோசிக்கலாமே என்று தோன்றியது.

பார்வை திரும்பியது, ஆனால், பழையபடி நுண்ணோக்கியின் முன் நீண்டநேரம் அமர முடியவில்லை. அந்தச் சன்னல் கட்டங்கள் மட்டும் வாழ்நாள் முழுவதும் அவரோடு வந்தன. ஒரு தாளை மடித்துக் கட்டங்களாக்கிக்கொள்வார். மூலைவிட்டக் கட்டங்களில் இடம், தொழில், மக்கள் என்று எழுதுவார். மற்றக் கட்டங்களில் ஒன்றோடு ஒன்று உறவுகொள்ளும்போது என்ன நிகழ்கிறது என்பதை நிரப்புவார். இடம் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது, தொழில் இடத்தை எப்படி மாற்றுகிறது, மக்கள் இரண்டையும் எப்படி வளைக்கிறார்கள் என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வியைக் கேட்கும். இவற்றைச் சிந்தனை இயந்திரங்கள் என்றே அவர் அழைத்தார்.

இன்றைய நகரமைப்பு மென்பொருள்களில் அணி, அட்டவணை என்று பயன்படுபவற்றுக்கு இது ஓர் எளிய முன்னோடி எனலாம். முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. கெடிஸின் தாள் விடையைத் தராது. எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று காட்டும். தமக்குத் தெரியாதது எது என்பதை அறிந்துகொள்வதற்காகவே அவர் அந்தத் தாளை மடித்தார்.

குடியேறிச் செய்த ஆய்வு

1886-இல் கெடிஸ் ஆனா மார்ட்டனை மணந்தார். எடின்பரோவின் வசதி படைத்தவர்கள் புதிய நகர்ப்பகுதிக்குச் சென்றுவிட்ட காலம் அது. பழைய நகரம் இருளும் அழுக்கும் நோயும் நிறைந்த நெரிசல் குடியிருப்பாக மாறிப்போயிருந்தது. புதுமணத் தம்பதியர் அந்தப் பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் அடுக்குக் குடியிருப்புக்கே குடிவந்தனர். சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள். சன்னல்களில் பூந்தொட்டிகளை வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைத் துப்புரவாக்கினார்கள். இடிந்து கிடந்த மூலைகளைச் சிறு தோட்டங்களாக மாற்றினார்கள். மாணவர்களே நிர்வகிக்கும் விடுதிகளைக் கெடிஸ் தொடங்கினார். கோட்டைக்கு அருகில் ராம்சே கார்டன் குடியிருப்பு எழுந்தது. வாழத் தகுதியற்றது என்று கைவிடப்பட்ட பகுதிக்குப் பேராசிரியர்களும் மாணவர்களும் குடிவரத் தொடங்கினார்கள்.

1888-இல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் கற்பித்தால் போதும் என்பது அதன் ஏற்பாடு. எஞ்சிய மாதங்களை நகரத்துக்கு ஒதுக்கினார். வாங்கிய கட்டடங்களால் கடன் ஏறியது. இறுதியில் நண்பர்கள் ஒரு நிறுவனம் அமைத்து அவற்றின் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. பணக்கணக்கில் கெடிஸ் என்றுமே தேர்ந்தவராக இருந்ததில்லை.

1892-இல், கோட்டைக்குச் செல்லும் வழியில் இருந்த பழைய வானோக்கு மாடம் ஒன்றைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நோக்குக் கோபுரம் என்று பெயரிட்டார். அதன் உச்சியில் இருட்டறைப் படக்கருவி ஒன்று இருந்தது. வெளியே நடக்கும் தெருக்காட்சியை ஆடியும் வில்லையும் உள்ளே ஒரு வெள்ளை மேசையின் மீது உயிரோட்டமாக விழச்செய்யும். பார்வையாளரை முதலில் உச்சிக்கு அழைத்துச்சென்று நகரைக் காட்டுவார்கள். பிறகு படியிறங்க வேண்டும். ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்காட்லாந்து, அதற்குக் கீழே ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, கடைசியாக உலகம் என்று வரைபடங்களும் படங்களும் மாதிரிகளும் அடுக்கப்பட்டிருந்தன. தன் தெருவின் சாக்கடையில் தொடங்கி உலகம் வரைக்கும் ஒரு குடிமகன் ஒரே நாளில் தொடர்புபடுத்திப் பார்க்கலாம். உச்சிக்கு அருகில் ஒரு சிறிய வெற்றறையும் இருந்தது. கண்டவற்றை அமைதியாக அமர்ந்து எண்ணிப் பார்ப்பதற்கான அறை அது. நகரங்களின் கட்டுப்பாட்டு மையங்களில் இன்று நூற்றுக்கணக்கான திரைகளைப் பார்க்கும்போது, அந்த வெற்றறைக்கு இணையான ஓரிடம் அங்கே உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நோக்குக் கோபுரத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1903-இல் டன்ஃபர்ம்லின் நகரில் கார்னெகி அறக்கட்டளைக்காகப் பூங்காத் திட்டம் ஒன்றை வகுக்கும் பணி அவரிடம் வந்தது. புகைப்படக் கலைஞருடன் ஓடையின் கரை முழுவதும் நடந்தார். ஒவ்வோர் இடத்தையும் உள்ளபடி படமெடுத்து, அதே படத்தின் மீது தாம் முன்மொழியும் மாற்றங்களை வரைந்து, இரண்டையும் அருகருகே அச்சிட்டார். வரைபடம் படிக்கத் தெரியாத எவரும் திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்பது அவருடைய நோக்கம். அறக்கட்டளை அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு வெளிவந்த அந்த அறிக்கை நகரமைப்புத் துறையின் முக்கிய நூல்களுள் ஒன்றாயிற்று. திட்டத்துக்கு முன் ஆய்வு என்னும் நெறி அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

பல நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்களைத் தொகுத்துக் கெடிஸ் ஒரு கண்காட்சியை உருவாக்கியிருந்தார். 1913-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அதற்குப் பெரும் பாராட்டுக் கிடைத்தது. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவரை இங்கே அழைத்தார். 1914-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அறுபது வயதில், மகன் அலாஸ்டருடன் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் தனியே கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டன.

அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை நாம் இன்றும் மறக்கவில்லை. அதன் பெயர் நம் பேச்சுவழக்கிலேயே சேர்ந்துவிட்டது. அதே எம்டன் அக்டோபரில் கிளான் கிராண்ட் கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பில் சேர்த்த தொகுப்பு கடலுக்குள் போனது. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் விரைந்து மாற்றுத் தொகுப்பு ஒன்றைத் திரட்டி அனுப்பினார்கள். 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகையில் கண்காட்சி நடைபெற்றது.

கண்காட்சியைவிடப் பெரிய பணி அதன்பின் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று நகராட்சிகளுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பு அவரிடம் வந்தது. தஞ்சை, மதுரை, பெல்லாரி என்று மாகாணத்தின் பல நகரங்களையும், பிறகு லக்னோ, லாகூர், பரோடா, டாக்கா, இந்தூர் போன்ற நகரங்களையும் பார்த்து, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார்.

நகராட்சிப் பொறியாளர்களிடம் அப்போது ஒரு வழக்கமான மருந்து இருந்தது. நெரிசலான பகுதி என்றால் வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேரான அகலச் சாலை ஒன்றை வரைவார்கள். கோட்டின் மேல் விழும் வீடுகள் இடிக்கப்படும். இடிக்கப்பட்டவர்கள் பக்கத்துச் சந்துகளில் ஒண்டிக்கொள்வதால் அங்கே நெரிசல் கூடும். செலவும் மிகும், நோயும் தீராது. கெடிஸ் இதற்கு எதிரான வழியைக் கையாண்டார். நகராட்சியின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடப்பார். எந்த வீடு பாழடைந்து ஆளில்லாமல் கிடக்கிறது, எங்கே மரம் நிற்கிறது, எங்கே கிணறு, எங்கே சிறு கோயில், பெண்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள், குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார். பிறகு, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அந்தக் காலியிடங்களை ஏற்கெனவே உள்ள சந்துகளோடு இணைத்து, மரநிழலுள்ள சிறு வெளிகளாக மாற்றலாம் என்று காட்டுவார்.

உறுப்பை வெட்டி எறியாமல் நோயுள்ள திசுவை மட்டும் நீக்கும் மருத்துவருடைய அறுவைச் சிகிச்சைக்கு இந்த முறையை அவர் ஒப்பிட்டார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு நகராட்சி வகுத்திருந்த நேர்சாலைத் திட்டத்தையும் இந்த மாற்றுத் திட்டத்தையும் அருகருகே வரைந்து காட்டியபோது, இடிபட வேண்டிய வீடுகளும் செலவும் எவ்வளவு குறைகின்றன என்பது யாருக்கும் விளங்கும்படி இருந்தது. இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு, அவற்றின் விலையை மனிதர்களின் வீடுகளில் கணக்கிட்டுக் காட்டும் அந்த இரட்டை வரைபடத்தைவிடச் சிறந்த முடிவெடுப்புக் கருவியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

குளங்களைப் பற்றி அவர் எடுத்த நிலைப்பாடும் இத்தகையதே. கொசுவும் மலேரியாவும் பரவுகின்றன என்று சொல்லி, நகரக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்பது அக்காலச் சுகாதாரத் துறையினரின் கருத்து. கெடிஸ் உயிரியலாளர், கொசுப்புழுவைத் தின்னும் மீன்களையும் வாத்துகளையும் குளத்தில் விடலாமே என்றார். குளம் மழைநீரைத் தாங்குகிறது, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது, தூர்த்துவிட்டால் அந்த வெள்ளம் எங்கே போகும் என்று அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் கேட்டார். கூட்டத்தில் எழுந்து நின்ற முதியவர் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

ஒருநாள் மன்னர்

கெடிஸின் இந்தியப் பணிகளில் புகழ்பெற்றது இந்தூர். 1918-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்த அறிக்கை அவருடைய மிக விரிவான நகரத் திட்டம். நகரைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. வரைபடத்துடன் சந்துகளில் அலையும் வெள்ளைக்காரரை மக்கள் அச்சத்துடன் பார்த்தார்கள். வீடுகளை இடிக்க வந்தவர் என்றும், நோயைக் கொண்டுவந்தவர் என்றும் பேச்சுக் கிளம்பியது. அறிக்கையால் மட்டும் இதை மாற்ற முடியாது என்று உணர்ந்த கெடிஸ், தம்மை ஒருநாள் மட்டும் மன்னராக இருக்க அனுமதிக்குமாறு ஆட்சியாளரிடம் கேட்டு, அனுமதியும் பெற்றார்.

அந்த ஆண்டுத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் செல்லாது என்றும், எந்தத் தெருவினர் வீடுகளையும் வாசல்களையும் சிறப்பாகத் துப்புரவு செய்து பழுதுபார்த்திருக்கிறார்களோ அந்தத் தெருக்கள் வழியாகவே செல்லும் என்றும் அறிவிப்பு வந்தது. ஊர் முழுவதும் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் யானைகளோடும் இசையோடும், வெள்ளாடை உடுத்தி மாலையணிந்த துப்புரவுப் பணியாளர்கள் மரியாதையுடன் நடந்தார்கள். அழுக்கு அரக்கனின் உருவம் கொண்டுசெல்லப்பட்டு இறுதியில் எரிக்கப்பட்டது. உருவாகப்போகும் புதிய நகரின் மாதிரிகள் தேர்களில் வந்தன. மக்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. திட்டம் என்பது அதிகாரிகளின் மேசையிலிருந்து தெருவுக்கு வந்த நாள் அது. அறிக்கையை ஒருவர்கூடப் படித்திராவிட்டாலும், நகரம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் அன்று ஆயிரக்கணக்கானவர்கள் பங்குகொண்டார்கள்.

இழப்பும் எஞ்சிய பணிகளும்

1917 அவருக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. ஏப்ரலில், சென்னைக்கு உடன் வந்திருந்த மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சின் போர்முனையில் உயிரிழந்தார். அப்போது ஆனா இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். மகன் இறந்த செய்தியை அவரிடம் சொல்லக் கெடிஸுக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தியை அறியாமலேயே ஜூன் மாதத்தில் ஆனாவும் இறந்தார். அவர் அதன்பின் மேலும் மூர்க்கமாக உழைத்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்கிறார்கள். 1919-இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் பேராசிரியரானார். நண்பர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஜெருசலேமுக்கும், 1925-இல் டெல் அவிவ் நகருக்கும் திட்டங்கள் வகுத்தார். வாழ்நாளின் இறுதியில் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் ஒரு கல்லூரியை நிறுவினார். 1932 ஏப்ரல் 17 அன்று அங்கேயே காலமானார்.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. தாடிக்குள்ளேயே முணுமுணுத்துப் பேசுவார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கே பாதிதான் கேட்கும். எழுத்தும் சுற்றிவளைத்துச் செல்லும். தொடங்கிய பணிகளில் பலவற்றை முடித்ததில்லை. இவற்றைவிடக் கனமான குறைகளும் உண்டு. அந்நிய ஆட்சியும் சமஸ்தானங்களும் அழைத்து அவர் வேலை செய்தார். அந்த ஆட்சிகளின் அடிப்படையை அவருடைய அறிக்கைகள் அசைக்கவில்லை. காஞ்சியையும் மதுரையையும் போன்ற கோயில் நகரங்களின் ஒழுங்கில் அவர் மனம் பறிகொடுத்தார். தேரோடும் அந்த வீதிகளில் கால்வைக்க முடியாமல் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் கண்ணால் அந்த ஒழுங்கைப் பார்த்திருந்தால் அவருடைய வியப்பு குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பாலஸ்தீனத்தில் அவருடைய பணியைப் பற்றியும் இதே கேள்வியை எழுப்பலாம். ஆய்வு செய்பவர் எவரெவரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே ஆய்வின் நேர்மை அமையும் என்பதற்கு அவரே ஒரு சான்றாகிவிடுகிறார்.

இன்றைய திரைகளும் அன்றைய தாளும்

1969-இல், மற்றொரு ஸ்காட்லாந்துக்காரரான இயன் மெக்ஹார்க், மண், நீர், காடு, சரிவு ஆகியவற்றை ஒளிபுகும் தாள்களில் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காணும் முறையைப் பரவச்செய்தார். அந்தத் தாள்களின் இடத்தைப் பின்னர் கணினி எடுத்துக்கொண்டது. புவியியல் தகவல் அமைப்பு, செயற்கைக்கோள் படங்கள், வெள்ளத்தை முன்கூட்டிக் கணிக்கும் மாதிரிகள், நகரின் டிஜிட்டல் இரட்டை என்று இன்று கருவிகள் பெருகியிருக்கின்றன. 2015-இல் தொடங்கிய சீர்மிகு நகரங்கள் திட்டத்தின் கீழ் 100 நகரங்களில் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்திருக்கின்றன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரைக் கெடிஸ் நடந்து முடித்திருக்க முடியாது.

ஆனால், கருவிக்குள் என்ன இடுகிறோம் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. நிலமதிப்புக்கு எத்தனை மதிப்பெண், நீர்வழிக்கு எத்தனை மதிப்பெண் என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அது ஒருமுறை மென்பொருளுக்குள் சென்றுவிட்டால், அறிவியலின் தீர்ப்பைப் போல வண்ணத்தில் வெளியே வருகிறது. வண்ணத்தோடு யாரும் வாதிட முடிவதில்லை.

இதன் விலை என்ன என்பதைச் சென்னை அறியும். பள்ளிக்கரணையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அந்த நிலத்தைக் கழுவெளி என்றார்கள். தென்சென்னையின் ஏரிகள் நிறைந்து வழியும் நீரெல்லாம் வந்து தங்கிக் கடலுக்குச் செல்லும் இடம் அது என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. அரசுப் பதிவேடுகளுக்கு அது பயனற்ற தரிசு. பதிவேட்டை நம்பி அடுத்தடுத்து எடுக்கப்பட்ட முடிவுகளால், ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த சதுப்புநிலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் அதன் மேல் எழுந்தன. 2015 டிசம்பரில் வெள்ளம் தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது அங்கே வீடுகள் இருந்தன. அந்தப் பகுதியில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. கெடிஸின் மடித்த தாளில், மக்கள் என்னும் கட்டம் இடம் என்னும் கட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று எழுதவேண்டிய இடம் பல்லாண்டுகளாக நிரப்பப்படாமலே இருந்திருக்கிறது.

அந்தத் தாளை மீண்டும் எடுக்க வேண்டிய தருணம் இது. சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டிருக்கிறது. நேற்றுவரை கிராமங்களாக இருந்த நூற்றுக்கணக்கான ஊர்களின் ஏரிகளும் கால்வாய்களும் மேய்ச்சல் நிலங்களும் இனி நகரத் திட்டத்தின் வண்ணங்களுக்குள் வரும். மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான பணிகளில் உயர்ந்த தொழில்நுட்பம் பயன்படட்டும். அதோடு மூன்று சிறிய செயல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் காரணிக்கு எவ்வளவு மதிப்பெண் தரப்பட்டது என்பதைத் தமிழில், எளிய மொழியில் வெளியிட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, மடையும் கலங்கும் அறிந்த உழவர்களோடும், ஊரின் ஓரத்தில் வாழ்பவர்களோடும் அதிகாரிகள் ஒருமுறையாவது நடந்துவர வேண்டும். முன்மொழியும் திட்டத்தோடு ஒரு மாற்றுத் திட்டத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை வீடுகளை, எத்தனை நீர்வழிகளைப் பலிவாங்கும் என்று காட்ட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய மென்பொருள் தேவையில்லை.

கூட்டத்தில் கேள்வி கேட்ட முதியவரை வெளியே வந்தபின் தேடினேன். அவர் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார். கெடிஸ் அந்த அரங்கில் இருந்திருந்தால், திரையை அணைத்துவிட்டு அவரோடு அந்த நிலத்துக்கு நடந்து போயிருப்பார். திட்டம் இறுதியாவதற்கு முன் நம் அதிகாரிகளும் அப்படி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.